ஏரி என்று அமுக்குங்கள்

திண்டிவனத்துத் துணிக்கடையில் வேலை பார்க்கும் வெனிலாவுக்கு மதியச் சோறு தின்னக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதிலும் பாதியைப் போனில் ஏரி தேடியே தொலைப்பாள். காசா, பணமா? ஒரு மண்ணும் கிடையாது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் செயற்கைக்கோள் படங்களை அனுப்புவார்கள். பார்க்கிறவர்கள் ஏரியா, நிலமா என்று அமுக்க வேண்டும். ஒரு படத்தைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். அதிகம் பேர் சொன்னதுதான் தீர்ப்பு. ஏரி என்று தேறியதைத் தூர்வாரச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுவார்களாம்.

ஒருநாள் அவள் ஊர் ஏரியே படத்தில் வந்தது. கெடாருக்குப் பக்கத்தில், அந்தோணியார் கோயிலை ஒட்டி வளையும் கரை, தெரியாமல் போகுமா? ஏரி என்று அமுக்கினாள். ஆனால் அது கோடையில் எடுத்த படம். உள்ளே பச்சைப்பசேலென்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி. தண்ணீர் வற்றினால் ஏரிக்குள்ளேயே விதைப்பார்கள் என்று வெளியூர்க்காரன் எங்கே கண்டான்? பாதிப் பேர் நிலம் என்றுவிட்டார்கள். இழுபறி. ஊர்க்காரர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது.

வெனிலா துள்ளிக் குதித்தாள். ஏரியில் தண்ணீர் நின்றால் தெருக் கிணறு ஊறும். அம்மா லூர்து மேரி குடத்தோடு அடுத்த ஊருக்கு அலைய வேண்டாம்.

ஞாயிறு விடிந்ததும் விழுப்புரத்தில் பஸ் மாறி ஊருக்குப் போனாள். பூசை முடிந்து வந்தவர்களைக் கோயில் வாசலிலேயே மடக்கி, ஒவ்வொருவர் போனிலும் படத்தைத் திறந்து கொடுத்தாள்.

"ஏரின்னு அமுக்குங்க. அவ்ளோதான் வேலை."

எல்லாரும் சிரித்துக்கொண்டே அமுக்கினார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. நிலம். ஏரி என்று சொன்ன ஊர்க்காரி அவள் ஒருத்திதான்.

பாவிகளா! அப்பா பாக்கியசாமியிடம் போனை நீட்டினாள். "யாருப்பா இப்படிப் பண்ணது?"

"நான்தான். நீ போன்ல சொன்ன அன்னிக்கே எல்லார்கிட்டயும் நிலம்னு அமுக்கச் சொல்லிட்டேன். ஏரின்னு எழுதிட்டா பொக்லைன எத்துக்கினு வந்து மல்லாட்டைய வாரிக்கினு போய்டுவானுங்க. வேற ஒரு அடி மண்ணு இருக்குதா நமக்கு? நிலம்னு ஏறிட்டா நாளைக்குப் பட்டா கேக்கலாம்."

"இதப் பாத்து எவன்பா பட்டா குடுப்பான்? இது ஆராய்ச்சிப்பா!"

"அதெல்லாம் உனக்குத் தெரியாது, வுடு."

வெனிலா அம்மா பக்கம் திரும்பினாள். "நீயுமாம்மா? நீதானே தண்ணிக்கு அலையுற?"

லூர்து மேரி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "தண்ணி தூக்கறது பழகிப்போச்சு. பட்டினி பழகலடி."

போன் சிணுங்கியது. உங்கள் உதவிக்கு நன்றி, இந்த இடம் நிலம் என்று முடிவானது, இனி இந்தப் படம் யாருக்கும் காட்டப்படாது என்றது. யாருடைய நிலம் என்று அது கேட்கவில்லை.

வெனிலா போனை வைத்துவிட்டு, இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் நடந்தாள்.