பேட்டரித் தண்ணீர்க் கேனில் ஏலக்காய் வாசனை

முடிச்சூரில் ஸ்ரீவாரு என்கிளேவ் மூன்றாம் மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை ஆனால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். எதிர் ஃபிளாட் அபிதகுஜாம்பாள் மாமி அதைத் தயிர் கடைகிற சத்தம் என்றே நம்பிக்கொண்டிருந்தார். “இந்தக் காலத்துல எந்தப் புருஷன் வெண்ணெய் எடுத்துத் தரான், சொல்லு” என்று முதல் மாடிப் பெண்ணிடம் அவள் புருஷனைக் குத்திக் காட்டவும் செய்தார். அந்தப் புருஷன் ஒரு வாரம் மிக்ஸி கழுவியதாகக் கேள்வி.

உண்மையில் அது சத்யநாராயணன் எவர்சில்வர் தூக்கில் வோட்காவையும் ஐஸ் கட்டியையும் போட்டு, மூடியை அழுத்தி, துண்டு சுற்றிக் குலுக்குகிற சத்தம்.

குடிகாரன் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அவன் குடித்ததைவிட அளந்தது அதிகம். ஊரடங்கு நாட்களில் எல்லோரும் மொட்டை மாடியில் கீரை போட்டார்கள், இவன் வீடியோ பார்த்துக் காக்டெயில் கற்றுக்கொண்டான். இருமல் மருந்து மூடிதான் அளவு. நன்னாரி சர்பத், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மூடி வோட்கா: இதற்கு அவன் வைத்த பெயர் ‘ஜி.எஸ்.டி. ரோடு’, ஏனென்றால் அந்த ரோட்டு டிராஃபிக் மாதிரி மெதுவாகத்தான் நகர வேண்டும். பன்னீர் திராட்சையை நசுக்கி மிளகு தூவியது மனைவி சின்மயிக்கு. மாங்காயும் பச்சை மிளகாயும் போட்ட ‘பல்லாவரம் வெயில்’ இரண்டாம் மாடி ஆஸ்டினுக்கு. ஆஸ்டின் காட்டாங்குளத்தூரில் கல்லூரி லேப் ஊழியர். அவரும் மனைவி ஜோவிதாவும் வருவார்கள், ஆளுக்கு இரண்டு டம்ளர், பிறகு தயிர் சாதம். மூன்றாவது கேட்டால் சத்யா, “ரெசிபி ரெண்டுக்குத்தான் மச்சான்” என்று தூக்கைக் கழுவப் போய்விடுவான்.

இவ்வளவு ஒழுங்கான மனிதனுக்கு ஒரே ஒரு பயம். மாமனார் கஸ்தூரிரங்கன்.

சத்யா பெண் பார்க்கப் போன அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஹேபிட்ஸ் ஏதாவது?” சத்யா, “காபி மாமா. அதுவும் ஒரு வேளை” என்றான். அன்றைக்கு அது சத்தியமான வார்த்தை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கஸ்தூரிரங்கன் ஒன்பது வருஷமாக ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடுகளை நடத்தி வருகிறார். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், “எங்காத்து மாப்ளை ஒரு பாக்குத் துண்டு வாயில போட மாட்டார்” என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சு பொய்யாகிற நாளில் மாமாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சத்யாவுக்குத் துணிவில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்து பத்து நாள் தங்கும்போது தூக்கில் சாம்பார் மட்டும்தான் இருக்கும், பாட்டில் ஒளிந்துகொள்ளும்.

ஒளிக்க இடம்தான் இல்லை. மாமா விடிகாலை நாலரைக்கு எழுந்து, காபிப் பொடி தேடுகிற சாக்கில் எல்லா டப்பாவையும் திறந்து பார்ப்பார். ஃபிரிட்ஜைத் துடைப்பார். பரண் மேல் உள்ள பெட்டிகளுக்குக்கூட நம்பர் போட்டிருக்கிறார். இந்தத் தடவை சத்யாவுக்கு ஒரு யோசனை உதித்தது. பால்கனியில் இன்வெர்ட்டருக்குக் கீழே பேட்டரித் தண்ணீர் கேன்கள் இருக்கின்றன. காலியான ஒரு லிட்டர் கேன் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இரண்டு நாள் ஏலக்காய் ஊறவைத்து வடிகட்டிய வோட்காவை அதில் ஊற்றி, மற்ற கேன்களோடு நிறுத்திவிட்டான். பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.

“பேட்டரித் தண்ணியை யார் குடிக்கப் போறா?” என்று சின்மயியிடம் பெருமை வேறு.

குடிக்க மாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கஸ்தூரிரங்கன் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் பார்த்தவர். அப்படிப்பட்டவர் வந்து தங்குகிற வீட்டில் சாமி அலமாரியில்கூட எதையாவது ஒளிக்கலாம், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒளிக்கலாமா? நம் பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

மாமா வந்து சேர்ந்த மறுநாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“மாப்ளே, சித்த இங்க வாங்கோ.”

சத்யா போய்ப் பார்த்தான். மாமா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரியின் ஆறு செல் மூடிகளும் கழற்றித் துணியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மடியில் புனல். கையில் அந்த ஒரு லிட்டர் கேன்.

“ஊத்திட்டேளா மாமா?”

“ஊத்துவேனா? மூக்கால பார்க்காம ஒரு செல்லுல ஒரு சொட்டு விட்டதில்லை நான். மோந்து பாருங்கோ.”

சத்யா மோந்து பார்த்தான். அவன் கைப்பக்குவம் அவனுக்கே அடையாளம் தெரிந்தது.

“ஒண்ணும் தெரியலையே மாமா.”

“ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுவாளே, அந்த ஸ்பிரிட். அதோட ஏலக்காய் வாசனை வேற. ஸ்வீட் கடைக் கேனைக் கழுவாம கொள்ளாம ரொப்பியிருக்கான். இதை ஊத்தியிருந்தா உள்ள இருக்கற பிளேட் என்ன கதி ஆகும்? எந்தக் கடையில வாங்கினேள்?”

“ஞாபகம் இல்லை மாமா.”

அவர் கேனைத் திருப்பினார். ‘சின்னப்பன் பேட்டரி ஒர்க்ஸ், முடிச்சூர் ரோடு’ என்று ஸ்டிக்கர் பளிச்சென்று சிரித்தது. கேனைக் கழுவிய மகானுபாவன் ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை.

“வண்டியை எடுங்கோ” என்றார் மாமா.

சத்யா சாவி தேடுகிற பாவனையில் சமையலறைக்குள் ஓடினான். சின்மயி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா கண்டுபிடிச்சிட்டார். இல்ல, கண்டுபிடிக்கலை. கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டான்னு சண்டைக்குப் போறார். என்னையே வண்டி ஓட்டச் சொல்றார்.”

“போய் உண்மையைச் சொல்லிடு.”

“நீ சொல்லேன். உங்கப்பாதானே?”

“உன் வோட்காதானே?” என்றாள் சின்மயி. வாராவாரம் பன்னீர் திராட்சையைத் தேர்ந்தெடுத்து வாங்கி வைப்பது யார் என்பதை அவன் அந்த நேரத்தில் கேட்கவில்லை. நல்ல கணவன்.

ஸ்கூட்டர் முடிச்சூர் ரோட்டில் ஊர்ந்தது. பின்சீட்டில் மாமா கேனை மடியில் வைத்துக்கொண்டு, நடவடிக்கைகளைக் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் விளக்கம். அப்புறம் என்கிளேவ் வாட்ஸ்அப் குரூப். அப்புறம் நுகர்வோர் மன்றம். சத்யா வேண்டுமென்றே ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று நிதானித்துப் போனான். கடை பூட்டியிருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்ட தெய்வங்களில் பாதிக்கு அவனைத் தெரியவே தெரியாது.

கடை திறந்துதான் இருந்தது. சின்னப்பன் ஐம்பது வயது ஆள், கையெல்லாம் கிரீஸ். சத்யாவை நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் அஞ்சு லிட்டர் கேனைக் கையில் வைத்துக்கொண்டு சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

“வா சார். இன்னா சார், காலைலயே? இன்வெர்ட்டர் மக்கர் பண்ணுதா?”

“மக்கர் பண்றது இன்வெர்ட்டர் இல்லை, நீர்தான்” என்று கஸ்தூரிரங்கன் கேனைக் கல்லா மேல் வைத்தார். “மோந்து பாரும்.”

சின்னப்பன் மூடியைத் திறந்தார். ஒரு தடவை மோந்தார். புருவம் மேலே போனது. இன்னொரு தடவை மோந்தார், அது தேவையில்லாத தடவை. பிறகு பெரியவரின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கே சத்யா ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான்.

சின்னப்பன் தொண்டையைக் கனைத்தார்.

“ஆமா சார். மிஸ்டேக் ஆயிடுச்சி. டெர்மினல் தொடைக்க ஸ்பிரிட்டு வச்சிருந்தோம். அது மாறிப் பூட்ச்சி போல கீது. இந்தா, வேற கேனு எடுத்துக்கினு போ.”

சத்யாவுக்கு உயிர் வந்தது. இப்படியும் ஒரு மனிதரா என்று உள்ளம் உருகிற்று. இந்த ஜென்மத்தில் இனி வேறு கடையில் பேட்டரி வாங்குவதில்லை என்று முடிவே செய்துவிட்டான். அந்த நிம்மதி அரை நிமிஷம் இருந்தது.

“மாறிப் போச்சா?” என்றார் மாமா. “எத்தனை கேன் மாறித்து? யார் யாருக்கு வித்தீர்? எத்தனை வீட்டு பேட்டரி இந்நேரம் அரிச்சுண்டிருக்கோ! வாங்கினவா பேரெல்லாம் எனக்கு வேணும். நான் ஒவ்வொரு வீடா போய்ச் சொல்றேன். மாப்ளே, குரூப்ல போடுங்கோ, இந்தக் கடைத் தண்ணியை யாரும் ஊத்த வேண்டாம்னு.”

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் தன் கையிலிருந்த கேனை ஒரு தரம் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் அதை ரேக்கில் திருப்பி வைத்தார்.

சின்னப்பனும் அதைப் பார்த்தார். கிரீஸ் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கல்லாவையே மறுபடி துடைத்தார்.

சத்யா இதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவனைப் பற்றி இப்படி உட்கார்ந்து எழுத யாருக்கும் மனசு வந்திருக்காது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“மாமா, அவர் மேல தப்பில்லை. அந்தக் கேன்ல இருக்கறது வோட்கா. நான்தான் ஊத்தி வெச்சேன்.”

“என்ன கா?”

“வோட்கா மாமா. சாராயம் மாதிரி. சனிக்கிழமை சாயங்காலம் ஃபிரெண்ட்ஸோட ஜூஸ்ல கலந்து குடிப்பேன். ரெண்டு டம்ளர். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பேட்டரி பக்கத்துல வெச்சேன். ஏலக்காய் நான் போட்டதுதான்.”

முடிச்சூர் ரோட்டில் லாரிகளும் பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கஸ்தூரிரங்கன் பக்கத்திலிருந்த காலி பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஒன்பது வருஷக் கல்யாணப் பந்திகள் எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போவது போல சத்யாவுக்குத் தோன்றியது. திட்டப் போகிறாரா, அழப் போகிறாரா, இன்றைக்கே ஊர் திரும்ப மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறாரா என்று தெரியவில்லை.

“மார்ச்ல நான் வந்தப்போ ஆறு செல்லுக்கும் ஊத்தினேனே” என்றார் கடைசியில். “அது எது?”

“அது தண்ணி மாமா. கடைத் தண்ணி.”

“நிச்சயமா?”

“சத்தியமா. இந்தக் கேனை இந்த வாரம்தான் ரொப்பினேன்.”

“அப்போ பேட்டரிக்குள்ள ஒரு சொட்டும் போகலை?”

“போகலை மாமா.”

“ரங்கநாதா!” என்று கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். “மூணு மாசத்துக்கு முன்னாடி தப்பான தண்ணியை நானே என் கையால ஊத்திட்டேனோன்னு ஒரு க்ஷணம் மூச்சே நின்னுடுத்து.”

சின்னப்பன் டீ சொன்னார். பெரியவர் எழுந்து அவரிடம் போய், ஆபீஸ் பாஷையில், “என் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கறேன். மன்னிக்கணும்” என்றார். பிறகு கேனைத் திருப்பி வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளரைத் தெரு முனை வரை விரட்டிப் பிடித்து, “தண்ணி சுத்தம் சார், எங்காத்துக் குழப்பம்” என்று சொல்லி, அழைத்து வந்து, அதே கேனை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் டீயைத் தொட்டார்.

“அந்தத் தப்பை நீர் ஏன் உம்ம தலையில போட்டுண்டீர்?” என்று சின்னப்பனைக் கேட்டார்.

“மச்சான் மாமனாரெல்லாம் நமக்கும் கீறாங்க சார்” என்றார் சின்னப்பன்.

மாமா சிரிக்கவில்லை, ஆனால் டீயை இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் சத்யா பக்கம் திரும்பினார்.

“சின்மயிக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றான் சத்யா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னீர் திராட்சை தப்பித்தது.

“சரி. சாப்பிடறது உங்க இஷ்டம். எனக்குப் பிடிக்கலை, அதுவும் இருக்கட்டும். ஆனா பேட்டரி பக்கத்துல சரியான லேபிள் இல்லாம ஒரு திரவத்தை வைக்கலாமா? படிச்சவர்தானே நீங்கோ? எக்ஸ்சேஞ்சுல இதுக்கு சார்ஜ் மெமோ கொடுத்துடுவா!”

ஒன்பது வருஷமாக பயந்த திட்டு இவ்வளவுதான். சத்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் டீ டம்ளருக்குள் மறைத்துக்கொண்டான்.

கஸ்தூரிரங்கன் சின்னப்பனிடம் மார்க்கர் பேனா வாங்கி, ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, கேனின் மேல் கொட்டை எழுத்தில் ‘வோட்கா. பேட்டரிக்கு அல்ல’ என்று எழுதி, தேதி போட்டு, இனிஷியலும் போட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரில் திரும்பி வந்ததை முடிச்சூர் ரோட்டில் பாதிப் பேர் பார்த்தார்கள். அபிதகுஜாம்பாள் மாமி மாடிப்படியில் நின்று இரண்டு தடவை படித்தார். அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் யாருக்கும் எதையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்த சின்மயி அப்பாவைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“இட்லியை எடுத்து வை” என்றார் அப்பா. “சாயங்காலம் உங்க சிநேகிதாள்ளாம் வரட்டும். நான் ஆறு மணிக்கு பெருமாள் கோவிலுக்குப் போயிட்டு எட்டரைக்கு வரேன். மாப்ளே, முதல்ல இங்க வாங்கோ. புனலைப் பிடியுங்கோ.”

சத்யா பால்கனியில் முட்டி போட்டு உட்கார்ந்து புனலைப் பிடித்தான். சின்னப்பன் கடைத் தண்ணீர் முதல் செல்லுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“கை ஏன் இப்படி நடுங்கறது?” என்றார் மாமா.

“இப்போ நின்னுடும் மாமா” என்றான் சத்யா. இரண்டாவது செல்லுக்குப் போவதற்குள் நின்றுவிட்டது.