மேஜர் சொன்ன 'நாம'

அந்த நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தம்மா முப்பது வருடமாகப் பென்சிலாலேயே இஸ்திரி போட்டு வந்தவர். சாட்சி "வந்தான், போட்டான், போயிட்டான்" என்று சொன்னால், அவர் நோட்டில் "வருகை தந்து, தாக்கிவிட்டு, வெளியேறினார்" என்று விழும். கெட்ட வார்த்தைகூடக் குளித்துத் தலைவாரிக்கொண்டுதான் ஆவணத்தில் ஏறும்.

அன்று கூண்டில் நின்றவர் ஒரு மேஜர். போரின்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்பது பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதாக வழக்கு. ஒன்பதில் ஒருவர், முன் பெஞ்சில் இருந்த பேக்கரிக்காரம்மாவின் கணவர். பதினோரு வருடமாக ஒரு விசாரணை விடாமல் வந்து உட்கார்ந்ததில், அந்த பெஞ்சே அரை அடி பூமிக்குள் இறங்கிவிட்டது.

காகிதங்களெல்லாம் போரில் எரிந்துபோயிருந்தன, மேஜருக்கு வசதியாக. மிச்சம், அவருக்கு ஜீப் ஓட்டிய சிப்பாயின் வாய் மட்டும்தான்.

"நான்தான் ஐயா மேஜரை ஜீப்ல கூட்டிட்டுப் போனேன். அவர் சுடச் சொன்னார். நானும் சுட்டேன். என்னை விட்டுடுங்கன்னு கேக்க வரல."

"இந்த ஆளை இன்னைக்குத்தான் முதல்முதலா பாக்கறேன்" என்றார் மேஜர். அதை நீதிபதி நம்பிவிட்டால் மாலைக்குள் மேஜர் வீட்டில் கால் நீட்டிக்கொண்டிருப்பார்.

மேஜரின் வக்கீல் சிப்பாயை இரண்டு மணி நேரம் குடைந்தார். அவன் அசையவில்லை. மேஜரை நேராகப் பார்த்து, "கேட்டைத் திறன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றான்.

மேஜரின் மீசை நுனி வரை ரத்தம் ஏறியது.

"டேய், நாம அன்னைக்கு அந்தப் பக்கமே போகலையேடா!"

மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று கேட்டது. வக்கீல் துள்ளிக் குதித்தார்.

"'நாங்க'ன்னுதான் சொன்னார் ஐயா. நாங்கன்னா ராணுவம், பொதுவா!"

"அம்மா, எழுதினதை வாசிங்க" என்றார் நீதிபதி.

சுருக்கெழுத்தம்மா நோட்டைக் கையில் எடுத்தார். நாமவோ நாங்கவோ, எது வந்தாலும் 'நாங்கள்' என்று மடித்து வைப்பதுதானே அவர் கைப்பழக்கம்! பேக்கரிக்காரம்மா அவரையே பார்த்தபடி இருந்தார். சுருக்கெழுத்தம்மா பக்கத்தைத் திருப்பினார்.

இருந்தது. கசங்கியபடியே, அப்படியே இருந்தது. மேஜர் கத்திய வேகத்தில் இஸ்திரி போட நேரமே கிடைத்திருக்கவில்லை.

"டேய், நாம அன்னைக்கு அந்தப் பக்கமே போகலையேடா" என்று அந்த 'டேய்' உட்பட வாசித்தார். முப்பது வருடத்தில் அவர் அவ்வளவு சத்தமாக வாசித்ததில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நாங்கன்னா கேக்கறவன் வெளியே. நாமன்னா அவனும் உள்ளே. இன்னைக்குத்தான் பாத்த ஆளை எப்படி சார் நாமக்குள்ள சேத்தீங்க?"

"அது… பழக்கத்துல…"

"யார்கூடப் பழக்கம்?"

வக்கீல் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை மேஜர் சொன்ன ஒவ்வொரு பதிலும் முந்தையதன் காலை வாரிவிட்டது.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. மேஜருக்கு ஆயுள். சிப்பாய்க்கு எட்டு வருடம். நெல்மூட்டையை இறக்கிவைத்தவனைப் போல அவன் மூச்சு விட்டான்.

நீதிபதி கடைசி வரியை முடிப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். பேக்கரிக்காரம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். குறட்டை பக்கத்துக் கட்டிடம் வரை கேட்டிருக்கும். எழுப்பப் போன டவாலியை நீதிபதி கையசைத்துத் தடுத்தார்.

"தூங்கட்டும்யா" என்றார்.

சுருக்கெழுத்தம்மா அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.