பகலில் பார்த்துக்கொள்பவர்

வேலைக்குப் போகும் பெற்றோருக்கான காப்பக உதவித்தொகை மறுக்கப்பட்ட மறுநாள், காலை ஒன்பதேகால் மணிக்கு, பார்சல் கிடங்கின் இரவு வேலைக்காரன் தூக்கம் கலையாமலே மெத்தையிலிருந்து எழுந்து தன் மூன்று வயது மகளுக்குப் பல் தேய்த்துவிட்டான். பிறகு குளிப்பாட்டினான், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பின்னல் போட்டான், சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குவதைக் கண்டு ஊசி நூல் தேடித் தைத்தான். கண் இரண்டும் மூடியே இருந்தன. இடையிடையே லேசான குறட்டையும் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மெத்தைக்குத் திரும்பிப் படுத்தான். ஐந்து நிமிடம் கழித்துக் கண் விழித்தவனுக்கு எதுவும் நினைவில்லை. நல்ல தூக்கம் என்று கொட்டாவி விட்டான்.

விண்ணப்பம் தள்ளுபடியானதற்கு அவனைத் தவிர வேறு யாரும் காரணமில்லை. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவம், யார் உதவியும் இல்லாமல் அரசாங்கப் படிவம் நிரப்பத் தெரியும் என்பதுதான். பன்னிரண்டு பக்கத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவன், “பகல் நேரத்தில் தந்தை என்ன செய்கிறார்” என்ற கட்டத்தில் வந்து நின்றான். தூங்குகிறார் என்பதுதான் உண்மை. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் ஒரு ஆம்பளை அப்படி எழுதுவதா என்று வெட்கப்பட்டு, “வீட்டில் பொறுப்பாக இருக்கிறார்” என்று எழுதிவிட்டான். பொறுப்பான தந்தை பகலில் வீட்டில் இருக்கும் குழந்தைக்குக் காப்பகம் தேவையில்லை என்று அலுவலகம் ஒன்றரை வரியில் பதில் அனுப்பியது. அதுவரை பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினிக்கும் அந்த வாரமே கைபேசிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனைவிக்கு விடுப்பும் தீர்ந்திருந்தது. தூங்குகிறவன் பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்து, அடுப்படிக் கதவைப் பூட்டிவிட்டு, மதியம் ஓடி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனாள். ஓடி வந்தபோது மகள் சாப்பிட்டு முடித்து வாய் துடைத்திருந்தாள். தட்டும் கழுவியிருந்தது. மனைவி தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவள் கழுவாமல் ஒரு தட்டு கழுவப்பட்டது அதுதான் முதல் தடவை.

தூக்கத்தில் எழுந்து வேலை பார்க்கும் இவரை இனித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பகல்காரர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியே முதலில் பார்த்துத் தெருவுக்குச் சொன்னார், தூங்குகிறவனுக்கும் அப்படித்தான் தெரியவந்தது. அந்த வாரம் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல்காரர் கைபேசியைத் தொடுவதில்லை. பாப்பா கேட்கும் ஒவ்வொரு ஏனுக்கும் ஒரு பதில் சொல்வார், அதே கேள்வியைப் பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே சொல்வார். மாடிப்படியில் ஏறும்போது அவளுடைய காலடிக்குத் தன் காலடியைக் குறைத்துக்கொள்வார். ஒரு மாதத்தில் மனைவி மதியச் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடுவதை விட்டுவிட்டு தினமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இரண்டு பேரும் என்னவோ பேசுவார்கள், அவள் சிரிக்கிற சத்தம் தையல் மெஷினைத் தாண்டிக் கேட்கும். ஒரு நாள் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டே புருஷன் கேட்டான்.

“மத்தியானம் நாம என்ன பேசினோம்?”

“அது எங்களுக்குள்ள,” என்றாள் மனைவி.

அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது மகள் விஷயம். சாயங்காலம் அவன் கண்ணைத் திறந்த நிமிடமே அவள் எழுந்து அம்மாவின் பின்னால் போய் நிற்பாள். திறந்த கண்ணோடு அந்த முகம் அவளுக்குப் பழக்கமில்லை. கிடங்கின் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவனுக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள், பார்சல் மாமா. ஊர் பேர் தெரியாதவர்களின் பார்சலையெல்லாம் இரவு முழுக்கச் சரியான வீட்டுக்குப் பிரித்து அனுப்புகிறவனுக்குச் சொந்த வீட்டில் முகவரி இல்லாமல் போயிற்று.

பகல்காரரை வேலையை விட்டுத் தூக்க ஒரே வழி, பாப்பாவைக் காப்பகத்தில் சேர்ப்பது. அதனால் அவன் மேல்முறையீடு செய்தான். இந்த முறை வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பகலில் தூங்குகிறேன், எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன், எந்தப் பொறுப்பும் எனக்கு இல்லை என்று தெளிவாக எழுதி, கிடங்கு மேற்பார்வையாளரின் கடிதத்தையும் டாக்டர் சீட்டையும் இணைத்தான். இவ்வளவு நேர்மையாக அவன் தன்னைப் பற்றி எங்கேயும் எழுதியதில்லை. நாலு மாதம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். காலை பதினோரு மணி. பகல்காரர்தான் கதவைத் திறந்தார், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு.

“மெதுவா வாங்க சார். அவன் தூங்குறான். ராத்திரி பூரா நின்னு வேலை பார்த்த உடம்பு.”

அதிகாரி மூடிய கண்களைப் பார்த்தார், குறட்டையைக் கேட்டார், பின்னலைப் பார்த்தார். இருபது வருடம் வீடு வீடாகப் போனவர். எந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லையோ அதைக் கேட்கக்கூடாது என்று பழகியவர்.

“நீங்க யாரு?”

“பாப்பாவப் பார்த்துக்குறேன்.”

அறிக்கை இப்படி இருந்தது: தந்தை உறங்குவது நேரில் உறுதி செய்யப்பட்டது, குழந்தை வேறொரு நபரின் நல்ல பராமரிப்பில் உள்ளது, உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. காப்பகத்தில் இடம் இல்லை. அப்படியானால் தொகையைப் பார்த்துக்கொள்ளும் நபருக்கே கொடுக்கலாம் என்று விதியில் இருந்தது. பகல்காரர் தூக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் மாதத் தொகையில் அவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரைச்சீலை வாங்கி மாட்டினார், வெளிச்சம் பட்டு அவன் தூக்கம் கெடாமல் இருக்க. இதைப் பாசம் என்று மனைவி சொன்னாள். தன் பிழைப்புக்கு அவர் போட்ட முதலீடு என்று அவன் சொன்னான்.

கிடங்கில் தனக்குக் கிடைத்த அடுத்த விடுமுறை நாளில், என்ன ஆனாலும் தூங்குவதில்லை என்று அவன் முடிவு கட்டினான். மனைவி கடைக்குக் கிளம்பினாள். மூன்று டம்ளர் காப்பி குடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டுப் பல் தேய்க்கப் போனான், பேஸ்ட் அவள் மூக்கில் ஏறியது. ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் வந்தது. பார்சலுக்கு ஏன் டேப் ஒட்டுகிறார்கள் என்று அவள் கேட்டாள். அவன் வாழ்க்கையிலேயே நிச்சயமாகப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை, சும்மா இரேன் என்று கைபேசியை எடுத்தான். அவள் அழவில்லை. மெத்தை ஓரத்தில் போய் உட்கார்ந்து, காலியான தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா எப்ப வருவாங்க?” என்றாள்.

“நாந்தாண்டி அப்பா.”

கிடங்கில் முகவரி பொருந்தாத பெட்டியை அவன் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பானோ அப்படி அவள் அவனைப் பார்த்தாள். கிடங்கில் அந்தப் பெட்டிகளைத் தனியாக ஒரு மூலையில் வைப்பார்கள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. அவன் கைபேசியை அணைத்தான். எழுந்து போய்க் கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டு மெத்தையில் படுத்தான்.

“கொஞ்ச நேரம் சத்தம் போடாம இரு. வந்துருவாரு.”

அவள் தலையாட்டிவிட்டு, அம்மா தனக்குச் செய்வது மாதிரி அவன் நெஞ்சில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். காப்பியின் வேகம் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார், இரண்டு பின்னலையும் அவிழ்த்தார், சீப்பு எங்கே என்று கேட்டார்.