நார்மல் ரத்தம்

நாத்தனாருக்கு ரத்தம் கொடுத்தவள் என்று திருப்பாதிரிப்புலியூரில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. கொடுத்தது உண்மைதான். வினோதினி, என் வீட்டுக்காரர் சார்லஸின் தங்கை, சிதம்பரத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். உடம்பு மூச்சுக்காற்றைச் செலவழிக்கும்போது ஒரு நச்சும் உண்டாகுமாம். அதை அடக்கவென்றே சில என்சைம்கள் இருக்கின்றனவாம். நோய் வந்தவர்களின் ரத்தத்தில் அவை ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று அளப்பது அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்களின் ரத்தமும் வேண்டும் என்றாள்.

வீட்டுப் பெண் ஊராரிடம் கெஞ்சுவானேன்? காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை எழிலரசியையும் வரவழைத்து, இருவருமாகப் போய் வெறும் வயிற்றோடு கையை நீட்டினோம். வினோதினி ஏதேதோ விளக்கினாள். எனக்குப் பசி, காதில் ஏறவில்லை. ரத்தம் நிரம்பிய குழாயை எட்டிப் பார்த்தேன். நீல மையில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது. எழிலின் குழாயிலும் அதேதான்.

“பாத்தியாடி, ரெண்டு பேரும் பாஸு” என்றேன். அன்றைக்கு இட்லியும் கொத்சும் எனக்கு இரண்டு மடங்கு இறங்கின.

அது தவக்காலத்தில் நடந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது, இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நான் பயப்படவேயில்லை. கேன்சர் லேப்பிலேயே பாஸான உடம்பாயிற்றே. சார்லஸ் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்.

“ஒந் தங்கச்சியே நார்மல்னு எழுதிட்டா. நீ என்னா அவள விடப் பெரிய டாக்டரா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குச் சேலை கட்டும்போது அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்திருந்தது. அப்புறம்தான் போனேன். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நேற்றுச் சொல்லிவிட்டார்கள். கேன்சர்தான், அக்குளுக்கும் போயிருக்கிறது.

இன்று காலை வினோதினி ஓடி வந்தாள். “ஏன் அண்ணி இத்தன நாளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எழுதுனதும் நீ, இப்ப கேக்கறதும் நீயா? எங் குழாயில நார்மல்னு எழுதுனியா இல்லியா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று.

“அண்ணி, அது ரிசல்ட் இல்ல. நோய் இல்லாதவங்க குரூப்புக்கு நாங்க வச்ச பேரு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சது.”

“அப்ப அந்த என்சைமு?”

“அது நூறு பேர இந்தப் பக்கம், நூறு பேர அந்தப் பக்கம் வச்சுப் பாக்கறது. ஒருத்தருக்குக் கட்டி இருக்கா இல்லையான்னு அத வச்சு சொல்லவே முடியாது அண்ணி.”

அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். தேற்ற மனம் வரவில்லை. அவள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். பாஸு, பாஸு என்று கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே. அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்ட இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தேன்.

“எழிலு, ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்க. மாரத் தடவிப் பாரு, கட்டி கிட்டி இருக்கான்னு.”

“நாமதான் பாஸாச்சேக்கா.”

“அது பாஸே இல்லடி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு வந்திருக்கு.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“வலிக்குமாக்கா?”

“ஆரம்பத்துல வலிக்காது. அதுலதான் நான் ஏமாந்துட்டேன்.”

வளையல் உரசும் சத்தம் வந்து, சட்டென்று நின்றது. பிறகு, “எனக்கும் வலிக்கல” என்றாள்.