பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

காலையில் அவன் எழுந்தான், பல் தேய்த்தான், பால் திரிந்து போயிருந்ததால் கறுப்புக் காபி போட்டான், அது ஆறுவதற்குள் சுவரில் தொங்கிய காலண்டரில் பதினாறாம் தேதியைக் கிழித்தான். பதினெட்டு வந்தது. ஊர் முழுக்க அப்படித்தான். பதினாறாம் தேதி படுத்தவர்கள் பதினெட்டாம் தேதி எழுந்தார்கள். ஆண்களின் மோவாயில் இரண்டு நாள் தாடி இருந்தது. பதினேழாம் தேதி பரீட்சை எழுத வேண்டியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மற்றபடி யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே அச்சகத்தின் காலண்டர்தான். அங்கே பிழை திருத்துவது அவன் வேலை. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ‘தெரியுமா?’ என்று ஒரு துணுக்கு வரும்; எந்தத் தேதிக்கு என்ன விசேஷம், எந்தப் பழக்கம் ஏன் வந்தது, எந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்று. அவன் கல்லூரி வரை படித்தவன் என்பதால் அதையும் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். புத்தகத்தில் கிடைத்தால் பார்த்து எழுதுவான், கிடைக்காவிட்டால் வாய்க்கு வந்ததை எழுதுவான். வாய்க்கு வந்ததைத்தான் ஊர் மனப்பாடம் செய்தது. கரண்டியைக் கவிழ்த்து வைத்தால் விருந்தாளி கோபித்துக்கொண்டு போகமாட்டார் என்று எழுதினான்; ஒரே மாதத்தில் ஊர்க் கரண்டிகள் அத்தனையும் கவிழ்ந்தன. செருப்பு என்ற சொல் ஒரு தளபதியின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதியபோது, ஒரு பேராசிரியர் அதை மறுக்கவில்லை. அந்தத் தளபதி தன் கொள்ளுத்தாத்தா என்று கடிதம் போட்டார். அவன் மனைவி மட்டும் தினமும் தாளைத் திருப்பிப் படித்துவிட்டு, “இதையும் நம்புவாங்க பாருங்க” என்பாள்.

அவள் ஒரு ஜூலை பதினேழாம் தேதி, ஆஸ்பத்திரியில், காலை ஒன்பது மணிக்குச் செத்துப்போனாள். அடுத்த ஆண்டுக் காலண்டரை அச்சுக்குக் கோக்கும்போது அந்த ஒரு தாளை அவன் உருவி எடுத்துவிட்டான். முதலாளி அச்சுக்கு முன் பார்ப்பது மேலட்டையில் இருக்கும் தன் படத்தை மட்டும்தான், அதிலும் தலைமுடி கறுப்பாக விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தது. காலண்டர் வெளியே போனது. அந்த நாள் வரவில்லை.

நாள் போனதில் ஊருக்கு வருத்தமில்லை. காரணம் தெரியாததில்தான் வயிறு எரிந்தது. ஒரு ராஜா அதைத் தன் தாய்க்கு ஆயுளாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார்கள். பதினேழு என்றாலே ஆதியில் ஓட்டை என்றுதான் பொருள் என்றார் பேராசிரியர். மறு ஆண்டும் அவன் அந்தத் தாளை விட்டான். அதற்குள் பழக்கம் ஒன்று முளைத்து, பதினாறாம் தேதி மாலை நாற்காலிகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். மூன்றாம் ஆண்டில் எல்லாக் கதையையும் ஒரு கதை விழுங்கியது. உத்தமி ஒருத்தி சாகும்போது, ‘என் நாளை எடுத்துக்கோங்க, எல்லாரும் நல்லா இருங்க’ என்று சொன்னாளாம்.

“உங்க சம்சாரம் சொன்னதாமே தம்பி. பதினாறாம் தேதி பின்னாடி போட்டுடுங்க” என்றார் முதலாளி.

“அவ அப்படிச் சொல்லல சார்.”

“சொல்லலைன்னா என்ன? செருப்புக்குத் தளபதி இருந்தாரா?”

அன்று இரவு மனைவியின் தங்கை போன் செய்து சிரித்தாள். “எங்க அக்காவா அத்தான்? ஓட்டைக் குடையைக் குடுக்கவே ஒரு வாரம் யோசிப்பா. நாளையே தூக்கிக் குடுத்தாளாமா?” சிரிப்பு நின்று கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நிஜமா என்னதான் சொன்னா?”

அவன் அச்சகத்துக்குப் போய் வரும் ஆண்டுக் காலண்டரில் பதினேழாம் தேதியைத் திரும்பக் கோத்தான். தாள் இருந்தால் நாள் வரும், இனி ஆண்டுதோறும் அந்தக் காலை ஒன்பது மணியும் வரும் என்று அவனுக்குத் தெரியும். பின்பக்கத்தில் ‘தெரியுமா?’ போடவில்லை. அவள் சொன்னதை மட்டும் போட்டான்.

நாள் வந்தது. பால் திரியவில்லை, பரீட்சை நடந்தது. ஊர் தாளைத் தூக்கிப் பார்த்து, இதில் விசேஷம் ஒன்றுமே இல்லையே, அச்சுப்பிழை என்று முடிவு கட்டி, சுவரைப் பார்த்த நாற்காலிகளைத் திருப்பிப் போட்டது. ஒன்பது மணிக்கு அவன் தாளைப் புரட்டினான். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பிழைதான் திருத்திக்கொண்டிருந்தான். அவள் சொன்னதும் எழுந்து போய்ச் செய்தான். கீழே கிடந்ததைப் பொறுக்கித் தேதிவாரியாக அடுக்கிவிட்டுத் திரும்பினான், அதற்குள் முடிந்திருந்தது. தாளில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

“ஃபேனைக் கொஞ்சம் குறைங்க. உங்க தாளெல்லாம் பறக்குது.”