மழைக்கு முந்தி வந்த தண்ணீர்

முதுகலை மாணவி எழில்மதியின் அட்டவணையில் மழை பெய்வதற்கு முதல்நாளே வயலில் தண்ணீர் நின்றது. ஒருமுறை என்றால் கைத்தவறு எனலாம். போன ஐப்பசி, கார்த்திகையில் பெய்த பதினாறு மழையில் பதினொன்று அப்படி. மீதி ஐந்தும் ஒழுங்காக ஒரே தேதியில் இருந்தன. அதுதான் சரிதாவைக் குடைந்தது. தப்பு என்றால் எல்லாமே தப்பாக இருக்க வேண்டாமா?

சரிதா பல்கலைக்கழகத்தின் நெய்வேலி மையத்தில் நூலகர். தகவலைத் தேடுவதும் சோதிப்பதும் எப்படி என்று முதுகலை மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுப்பவள். "யாரோ சொன்னத எடுக்காதீங்க, முதல்ல எழுதின ஏட்டுக்கே போங்க" என்று அனுப்பியதும் அவள்தான். எழில்மதி அப்படியே செய்தாள். மழை அளவை மழைமானி வைத்திருக்கும் அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்தாள். தண்ணீர் நின்ற நாளை, வளையமாதேவி கிராமத்தில் வயலைப் பார்த்துக்கொள்ளும் அவள் அம்மா சின்னம்மாள் காலண்டரில் எழுதிய குறிப்பிலிருந்து எடுத்தாள். அட்டவணையைப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியர், வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் ஆய்வேடு தள்ளுபடி. இன்று வியாழன்.

"எங்கம்மா தேதிய மாத்தி எழுதாதுங்க மேடம். தண்ணி ஏறினா மம்பட்டிய எடுத்துகினு போயி மடைய வெட்டிட்டு, வந்ததும் எழுதிடும்," என்றாள் எழில்மதி வகுப்பில்.

"ஒங்க வயலுக்கு மட்டும் தண்ணி அட்வான்ஸ் புக்கிங்கா?" என்றான் பின்வரிசை செங்குட்டுவன். வகுப்பு சிரித்தது. எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

சரிதா அவனைத் திட்டவில்லை. "எனக்கும் புரியலப்பா. ரெண்டு ஏடும் உண்மைன்னே வெச்சுக்குவோம். அப்புறம் எப்படி ஒன்னுக்கொன்னு இடிக்கும்?"

சிரிக்க வைத்த கூச்சமோ என்னவோ, செங்குட்டுவனே எழுந்தான்.

"எங்கப்பா மைன்ஸ்ல நைட் ஷிப்ட்டுங்க மேடம். பதினாலாந்தேதி ராத்திரி பத்து மணிக்குப் போயி, பதினஞ்சு காலையில எறங்குவாரு. ரெண்டு நாள் வேலைன்னு கேட்டா குடுப்பாங்களா? பதினாலுக்குத்தான் அட்டெண்டன்ஸ். நாளு எப்ப ஆரம்பிக்குதுன்றது அவங்கவங்க கணக்குங்க."

சரிதா சட்டென்று போனை எடுத்தாள். அலுவலகத்தைக் கூப்பிட்டு, மழைமானியை எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள்.

"தெனம் காலையில எட்டரைக்குங்க," என்றது ஸ்பீக்கரில் ஒரு குரல். "அதுக்கு முந்தின இருவத்துநாலு மணி நேர மழையும் அன்னைய தேதியில ஏறிடும்."

"எழில், அம்மா தேதி மட்டுமா எழுதுவாங்க?"

"சாயங்காலம், விடியக்காலம்னும் எழுதும். தேவையில்லன்னு நான்தான் விட்டுட்டேன்." செல்போனில் இருந்த காலண்டர் படங்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இடித்த பதினொன்றிலும் "சாயங்காலம்" என்று இருந்தது. பொருந்திய ஐந்திலும் "விடியக்காலம்".

பதினான்காம் தேதி சாயங்காலம் பெய்த மழையைப் பதினைந்தாம் தேதி காலையில்தான் அளக்கிறார்கள், பதினைந்து என்றே எழுதுகிறார்கள். விடியற்காலை மழை அன்றைக்கே அளவில் வந்துவிடுகிறது. இரண்டு ஏட்டிலும் ஒரு தேதியைக்கூட எழில்மதி மாற்றவில்லை. அட்டவணையில் ஒரு பத்தி மட்டும் கூடுதலாகச் சேர்த்தாள்: பதிவேட்டில் "15" என்றால், 14 காலை எட்டரை முதல் 15 காலை எட்டரை வரை. சின்னம்மாள் குறித்த பதினாறு நேரமும் அந்தந்த இடைவெளிக்குள் விழுந்தன.