பக்கத்து இருக்கை

தீர்த்தம்மாள் கடத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவளுக்குப் பக்கத்தில் காலியாகவே வந்த இருக்கையும் கழன்று கூடவே இறங்கியது. அன்று சந்தையில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய். முழங்கையிலும் காலிலும் தோல் வெள்ளைச் செதிலாக உதிரும் சொரியாசிஸ் அவளுக்கு வந்த பிறகு, நின்றுகொண்டே வருகிறவர்கள்கூட அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. பஸ்காரர்களும் திருப்பிக் கேட்கவில்லை. உட்கார ஆளில்லாததை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அது அவளோடு அவள் கூலிக்குப் பூப்பறிக்கும் தோட்டத்துக்குப் போயிற்று, ரேஷன் கடை வரிசையில் நின்றது, அவள் தனியாகச் சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே வந்து நின்றது. கணவர் மாரப்பன் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப் போட்டார், உட்காரவில்லை. யாராவது ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் போதுமென்று அவள் ஏங்கினாள். வருஷங்கள் போயின. இருக்கையின் பஞ்சு மட்டும் நசுங்காமல் புதுசாகவே இருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அறையில் நடக்க வழியில்லை. வந்தவர்கள் எல்லாருமே அவரவர் காலி இருக்கையோடு வந்திருந்தார்கள். தொப்பூரில் லாரிக்குப் பஞ்சர் பார்க்கும் குப்புராஜுக்கு ஒரு கல்யாணப் பந்தி நாற்காலி. கல்லூரிப் பெண் கலைமணிக்குப் பாதி பெஞ்சு. நர்ஸ் ஷாஹீன் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து பாடம் சொன்னார். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவ வேண்டும், செதிலைப் பிய்க்கக் கூடாது, கொஞ்சம் குறைந்ததும் மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, தொட்டால் ஒட்டாது. ஒட்டாது என்று எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

“அப்புறம் ஏனுங்க எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கீங்க?” என்றார் ஷாஹீன்.

தன் நோய் ஒட்டாதென்று தெரிந்தவர்களுக்கும் பக்கத்து ஆளின் நோய்மேல் பயம் இருந்தது. தீர்த்தம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று. எழுந்துபோய்க் குப்புராஜின் பந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சட்டென்று நகர்ந்தார்.

“எனக்கு வந்துருமாங்க?”

“உங்களுக்குத்தான் ஏற்கெனவே இருக்குதுங்களே. இன்னும் என்ன வரணும்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுதார்.

சாயங்காலம் அவர் கிளம்பியபோது நாற்காலி அறையிலேயே நின்றுவிட்டது. தீர்த்தம்மாளுடையது வழக்கம்போல அவளோடு பஸ் ஏறியது. கண்டக்டர் படியில் நின்றவர்களை ஒதுக்கி அதற்கு வழி விட்டார்.

வீட்டில் மாரப்பன் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு இருக்கைப் பக்கம் வந்தார். அவள் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள்.

“அது உக்கார்றதுக்குங்க,” என்றாள்.

அவர் வாசலுக்குப் போனார். அவள் சோறு போட்டுக்கொண்டாள். இருக்கை எதிரே வந்து நின்றது.